கட்டட ஆய்வாளர் வேலை: அதிகாரம் இருக்கு, மனநிறைவு இருக்கா? - புதுக்கோட்டையை வைத்து ஒரு விளக்கம்

சிவில் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த இரண்டு பேச்சில் ஒன்று கட்டாயம் கேட்கும். “சைட்டுக்குப் போனா வெயில்ல காயணும், சம்பளமும் கைக்கும் வாய்க்கும்தான்” என்பது ஒன்று. “எப்படியாவது நகராட்சியில பிளானிங் பக்கம் உள்ள போயிடு, லைஃப் செட்டில்” என்பது இன்னொன்று.

2025 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு நகராட்சி நிர்வாகத் துறையில் உதவிப் பொறியாளர், நகரமைப்பு அலுவலர், நகரமைப்பு ஆய்வாளர், வரைவாளர் உள்ளிட்ட பணிகளுக்கு 2,538 பேருக்கு நியமன ஆணை வழங்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2024 ஆகஸ்ட்டில், புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் பெரிதாகிறது, புதிய ஆட்கள் வருகிறார்கள், சுற்றிலும் வீடுகள் முளைக்கின்றன. ஆனால், சின்ன வீடுகளுக்கு முன்கூட்டியே கள ஆய்வு வேண்டாம் என்று அரசு நடைமுறையை மாற்றியதும் இதே காலத்தில்தான்.

அப்படியானால், வேலைக்குள் போகிற இளைஞருக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ‘இன்னிக்கு உருப்படியா ஒண்ணு பண்ணேன்’ என்று நினைக்க முடியுமா? அவருக்கு நிறைவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, நமக்கு அதில் என்ன வந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த ‘பில்டிங் இன்ஸ்பெக்டர்’?

பேச்சில் எல்லாரையும் ‘பில்டிங் இன்ஸ்பெக்டர்’ என்கிறோம். ஆனால் அது ஒரே ஆள் இல்லை, ஒரே வேலையும் இல்லை.

மாநகராட்சி, நகராட்சிகளில் நகரமைப்புப் பிரிவு இருக்கும். மனையை நேரில் பார்த்து, பிளானோடு ஒப்பிட்டு, கோப்பில் குறிப்பு எழுதுபவர் அங்குள்ள நகரமைப்பு ஆய்வாளர். அவருக்கு மேலே நகரமைப்பு அலுவலர், அதற்கும் மேலே ஆணையர். பெரிய கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். புதுக்கோட்டை மாநகராட்சி, அறந்தாங்கி நகராட்சி, ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி போன்ற பேரூராட்சிகள் வரை இந்தக் கதை.

கிராமத்தில் கதையே வேறு. 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகை 16.18 லட்சம். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருப்பவர்கள். 13 ஊராட்சி ஒன்றியங்கள், ஏறக்குறைய 500 ஊராட்சிகள். ஊராட்சிக்கு என்று தனியாக ஒரு கட்டட ஆய்வாளர் கிடையாது. வீட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இருந்தது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த பிறகு அது தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

அப்படியானால் கிராமத்தில் கட்டடத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கும் அரசு ஆள் யார்? ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியரும் உதவிப் பொறியாளரும்தான். அதுவும் அரசுப் பணம் போகிற கட்டடங்களில் மட்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25-இல் மாநிலம் முழுக்க 1 லட்சம் வீடுகள், வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், குறைந்தது 360 சதுர அடி என்று தொடங்கிய திட்டம் இது. பணம் மொத்தமாக வராது. வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தவணை தவணையாக வரும். ஓவர்சியர் வந்து பார்த்து அளவெடுத்து எழுதினால்தான் அடுத்த தவணை. அவர் ஒரு வாரம் தாமதித்தால், குடிசையைப் பிரித்துவிட்டுத் தார்ப்பாய்க்குள் இருக்கும் குடும்பம் இன்னும் ஒரு வாரம் தார்ப்பாய்க்குள் இருக்கும்.

எதைப் பார்ப்பாங்க, எதைப் பார்க்க மாட்டாங்க?

பலருக்கு இங்கேதான் குழப்பம். நகரமைப்பு ஆய்வாளர் வந்துவிட்டுப் போனால் வீடு பலமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அவர் பார்ப்பது பெரும்பாலும் இடமும் அளவும்தான்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 தான் அவருடைய கைப்புத்தகம். மனை உங்களுடையதா, அரசு நிலமோ நீர்நிலையோ உள்ளே வருகிறதா, எதிரே உள்ள தெரு எத்தனை அகலம், முன்னாலும் பக்கத்திலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், உயரம் என்ன, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று பார்ப்பார். மொத்தத் தளப்பரப்பு மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு என்பதும் கணக்கில் வரும். உயரமில்லாத கட்டடங்களுக்கு இது பொதுவாக 2 மடங்கு வரை. மழைநீர் சேகரிப்பும் பட்டியலில் உண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

“இதெல்லாம் சும்மா பேப்பர் வேலை” என்று தோன்றுகிறதா? புதுக்கோட்டைப் பழைய நகருக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். ராஜ வீதிகள், அவற்றை ஒட்டி 2-ஆம் வீதி, 3-ஆம் வீதி, 4-ஆம் வீதி என்று எண் போட்டுப் போகும் நேர்கோட்டுத் தெருக்கள். சமஸ்தான காலத்தில் யாரோ கோடு போட்டு, அந்தக் கோட்டை மீறவிடாமல் காத்ததால்தான் இன்றைக்கும் அந்தத் தெருக்களுக்குள் ஆம்புலன்ஸ் நுழைகிறது. அனுமதி இல்லாமல் பிரிக்கப்பட்ட புறநகர் மனைகளில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த ஆய்வாளர் காக்க வேண்டிய பொருள்.

சரி, பில்லருக்குள் எத்தனை கம்பி போயிருக்கிறது என்பதை யார் பார்ப்பது? தனியார் வீடாக இருந்தால் நீங்கள் அமர்த்திய இன்ஜினீயர். அவரும் இல்லையென்றால் மேஸ்திரி, கடவுள், அவ்வளவுதான். அரசுக் கட்டடமாக இருந்தால் அது ஓவர்சியர், உதவிப் பொறியாளர் வேலை.

அந்த வேலையில் ஒரு முக்கியமான விஷயம் நேரம். கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் கொட்டுவதற்கும் நடுவே உள்ள சில மணி நேரம்தான் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று அப்போது பார்க்காவிட்டால் பிறகு பார்க்கவே முடியாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கம் இது இன்னும் முக்கியம். உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் கம்பிக்கு மேல் கான்கிரீட் கனம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இல்லையென்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து, ஊதி, மேற்கூரை பெயர்ந்து விழும். அதே விதி, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட் என்றால் 10 நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறது. கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் “இன்னும் மூணு நாள் ஊத்துங்கம்மா” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மனநிறைவை அளப்பது எப்படி?

வேலைத் திருப்தி என்றால் சம்பளம் என்று நினைக்கிறோம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1950-களில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் கேட்டார். ‘வேலையில் எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள், எப்போது வெறுத்தீர்கள்?’ என்பதுதான் கேள்வி. வெறுப்புக்குக் காரணமாக வந்தவை அலுவலக விதிகள், மேலதிகாரி, சம்பளம் போன்றவை. சந்தோஷத்துக்குக் காரணமாக வந்தவை சாதித்தது, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு. சம்பளம் குறைந்தால் கசக்கும். ஆனால் சம்பளம் கூடியதால் மட்டும் வேலை இனித்துவிடாது என்பதுதான் அவர் கண்டது.

1970-களில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டாம் என்ற இருவர் இதை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள். இந்த ஐந்தையும் நம்ம ஊர் கட்டட ஆய்வாளருக்குப் போட்டுப் பார்ப்போம்.

பலவிதமான திறமை தேவைப்படுகிறதா? ஆம். வரைபடம், நில ஆவணம், சட்டம், கட்டுமானம் எல்லாம் தெரிய வேண்டும். அதோடு பக்கத்து வீட்டுச் சண்டையைச் சமாளிக்கும் சாமர்த்தியமும் வேண்டும். இதில் நல்ல மார்க்.

ஒரு வேலையை முதலிலிருந்து முடிவு வரை பார்க்கிறாரா? ஓவர்சியர் பார்க்கிறார். தோண்டிய குழியிலிருந்து பால் காய்ச்சும் நாள் வரை அந்த வீடு அவர் கண்முன்னே வளர்கிறது. நகரமைப்பு ஆய்வாளருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. அவருக்கு அது ஒரு கோப்பு. மேலே போகும், பிறகு என்ன ஆனது என்று பல நேரம் தெரியாது.

அடுத்தவர் வாழ்க்கையில் தாக்கம் உண்டா? இதில் முழு மார்க். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கம் எந்தக் கூரை நின்றது, எந்தக் கூரை பறந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரம் உண்டா? காகிதத்தில் உண்டு. நடைமுறையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

செய்த வேலை சரியா என்று திரும்பத் தெரிகிறதா? பூஜ்யம். மருத்துவர் பிழைக்கவைத்த நோயாளி நடந்து வந்து கும்பிடுவார். ஆசிரியரிடம் படித்த பையன் போன் பண்ணுவான். கட்டட ஆய்வாளர் தடுத்த விபத்து நடக்கவே இல்லை; நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? இடிந்து விழாத கட்டடம் செய்தி ஆகாது. அவர் பெயர் வெளியே வருவது இரண்டே சமயங்களில். ஒன்று, கட்டடம் விழும்போது. இன்னொன்று, லஞ்ச ஒழிப்புத் துறை பிடிக்கும்போது.

நிறைவு எங்கே உடைகிறது?

ஓர் உதாரணம். ஒருவர் அனுமதி வாங்கியது தரைத்தளமும் முதல் தளமும். கட்டுவது மூன்று தளம். ஆய்வாளர் போய்ப் பார்க்கிறார், குறிப்பு எழுதுகிறார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகளின்படி நோட்டீஸ் போகிறது. வேலையை நிறுத்தச் சொல்லலாம், மீறினால் பூட்டி சீல் வைக்கலாம். சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது.

அடுத்து நடப்பதுதான் விஷயம். உரிமையாளர் அரசிடம் மேல்முறையீடு செய்கிறார். 80-ஏ பிரிவில் அதற்கு வழி உண்டு. கோப்பு மேலே போய் உட்காருகிறது. இங்கே நான்காவது தளமும் எழும்புகிறது. சில வருடம் கழித்து வரன்முறைத் திட்டம் ஒன்று வருகிறது.

இது கற்பனை பயம் இல்லை. விதிமீறிக் கட்டியவற்றைப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளும் 113-ஏ பிரிவு 1990-களின் இறுதியில் தமிழ்நாட்டில் வந்தது. ‘இந்த ஒருமுறை மட்டும்’ என்று வந்தது பிறகு நீட்டிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போனது. பின்னர் 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு 2017-இல் விதிமுறைகள் வெளியாயின. அதே 2017-இல் அனுமதியற்ற மனைகளை வரன்முறை செய்யும் திட்டமும் வந்தது. தெரியாமல் மனை வாங்கி மாட்டிக்கொண்ட லட்சக்கணக்கான சாதாரண மக்களுக்கு இது தேவைப்பட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் நோட்டீஸ் எழுதிய ஆய்வாளர் இடத்திலிருந்து பாருங்கள். விதியை மதித்து இடம் விட்டுக் கட்டியவர் ஏமாளி ஆகிறார். தடுக்கப் பார்த்த ஆய்வாளர் வில்லன் ஆகிறார். மீறியவர் ரசீதோடு வீட்டுக்குப் போகிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அந்த ஆய்வாளர் ஏன் வண்டியை அந்தத் தெருவுக்குள் விடப்போகிறார்?

இரண்டாவது விரிசல், பொறுப்பு. பக்கத்து மாவட்டமான தஞ்சாவூரின் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளி நிர்வாகத்தினரோடு கல்வித் துறை, நகராட்சி அலுவலர்களும் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டார்கள். தீர்ப்பு வர 2014 ஜூலை ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான், 2014 ஜூன் 28-ஆம் தேதி, சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வரும் கேள்வி ஒன்றுதான்: ‘அதிகாரிங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?’ நியாயமான கேள்வி. ஆனால் எத்தனை அதிகாரிகள் இருந்தார்கள், எத்தனை கட்டடங்கள் அவர்கள் கையில் இருந்தன, முன்பு எழுதிய குறிப்புகள் என்ன ஆயின என்ற துணைக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது விரிசல், சந்தேகம். ‘பிளானிங் பக்கம் போயிட்டா லைஃப் செட்டில்’ என்ற பேச்சுக்குள்ளேயே லஞ்சம் ஒளிந்திருக்கிறது. 2025 நியமனங்களையே பாருங்கள். சிலருக்கு வேலை கிடைக்க ரூ.25 லட்சம் முதல் ரூ.35 லட்சம் வரை கைமாறியதாகக் குற்றம்சாட்டி, 2025 அக்டோபரில் அமலாக்கத் துறை தமிழக டிஜிபிக்குக் கடிதம் எழுதியது. அரசுத் தரப்பு அதை மறுத்தது. உண்மை எதுவாக இருந்தாலும், ராப்பகலாகப் படித்துத் தேர்வெழுதி உள்ளே வந்தவர் மீதும் அந்த நிழல் விழுகிறது. அவர் விதிப்படி ஓர் ஆட்சேபம் எழுதினால் “எவ்வளவு எதிர்பார்க்குறாராம்?” என்பதுதான் முதல் கேள்வி. நேர்மையாக வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்றிலும் சம்பளம் வரவே இல்லை. தான் ‘கூடாது’ என்று எழுதினால் அந்த எழுத்து நிற்குமா என்பதுதான் மூன்றுக்கும் பொதுவான கேள்வி.

எழுத்து நின்ற ஒரு சமயம்

நின்ற உதாரணமும் உண்டு. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பலவீனமானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. புதுக்கோட்டை உட்பட எல்லா மாவட்டங்களிலும் பொறியாளர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள். ‘இது ஆகாது’ என்று அவர்கள் எழுதிய அறிக்கை மேசையில் தூங்கவில்லை, பொக்லைன் வந்தது.

மாற்று வகுப்பறை கட்டுவதில் பல ஊர்களில் தாமதம் ஆனது, அது தனிக் குறை. ஆனால் அந்தச் சில மாதங்களில் அதே ஆட்கள், அதே சம்பளம், அதே வெயில். மாறியது ஒன்றுதான்: மேலிருப்பவர்கள் அவர்கள் எழுத்துக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு வேதனை என்னவென்றால், அதற்கு மூன்று பிள்ளைகள் சாக வேண்டியிருந்தது.

சுயசான்று வந்த பிறகு ஆய்வாளருக்கு என்ன வேலை?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு முதல் தளம் கட்டுவதாக இருந்தால், உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் கள ஆய்வு இல்லை. கட்டி முடித்த பின் நிறைவுச் சான்றும் தேவையில்லை. புதுக்கோட்டை மாதிரி ஊரில் நடுத்தரக் குடும்பம் கட்டும் வீடுகளில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் வந்துவிடும்.

இதனால் வீடு கட்டுபவருக்கு நிம்மதி. அலைச்சல் இல்லை, ‘கவனிக்க’ வேண்டியதில்லை. நேர்மையான ஆய்வாளருக்கும் ஒரு வகையில் நிம்மதிதான். சந்தேகத்துக்கு இடமான சந்திப்புகள் குறைகின்றன. சின்னக் கோப்புகளில் தீர்ந்துபோன நேரம், கல்யாண மண்டபம், மருத்துவமனை, பள்ளி, வணிக வளாகம் என்று ஆபத்து அதிகமுள்ள கட்டடங்களுக்குப் போகலாம்.

போகுமா என்பதுதான் கேள்வி. மிச்சமான நேரத்தில் ஆய்வு கூடினால் இந்த மாற்றம் லாபம். ஆய்வே குறைந்து, ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைப் பார்ப்பதோடு முடிந்தால் நஷ்டம். அந்த வேலையில் நிறைவு தரக்கூடிய ஒரே பகுதி, மண்ணில் இறங்கி நின்று பார்ப்பது. அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கையெழுத்து மட்டும்.

உச்ச நீதிமன்றம் வேறு திசையில் அழுத்துகிறது. 2024 டிசம்பர் 17-ஆம் தேதி உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுமைக்கும் பொருந்தும் உத்தரவுகளைக் கொடுத்தது. அனுமதி பெற்ற பிளானைக் கட்டும் இடத்தில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து அதைப் பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்றுக்குப் பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு. மீறலுக்குத் துணைபோகும் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை. ஒரு பக்கம் ‘பார்க்கத் தேவையில்லை’, இன்னொரு பக்கம் ‘பார்த்ததைப் பதிவு பண்ணு, இல்லைன்னா நீதான் பொறுப்பு’. இன்றைக்கு வேலையில் சேரும் இளைஞர் இந்த இரண்டுக்கும் நடுவேதான் நிற்கப் போகிறார்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

புதுக்கோட்டையிலிருந்து எத்தனையோ பேர் கட்டட வேலைக்குப் போகும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1986 மார்ச் 15-ஆம் தேதி அங்கே ‘ஹோட்டல் நியூ வேர்ல்டு’ இருந்த ஆறு மாடிக் கட்டடம் சரிந்து 33 பேர் இறந்தார்கள். விசாரணையில் வந்த உண்மை அதிர்ச்சியானது: வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. அதன்பின் 1989-இல் புதிய சட்டம் வந்தது. ஒருவர் போட்ட கட்டமைப்புக் கணக்கை, தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகும் குடியிருப்பு என்றால் 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவை 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு. நம்மிடம் கட்டடம் பால் காய்ச்சியதோடு ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அங்கே அது திரும்பத் திரும்ப வருகிறது. பார்த்த கட்டடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் 2017 ஜூன் 14-ஆம் தேதி கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தார்கள். புதுப்பிப்பு வேலையைப் பார்த்த ஆய்வாளர், தன் கையில் ஒரே நேரத்தில் 130 பணிகள் வரை இருந்ததாக விசாரணையில் சொன்னார். 2022-இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024-லிருந்து அங்கே கட்டட ஆய்வாளர் என்பது பதிவு செய்ய வேண்டிய தொழில். தகுதியை நிரூபித்து, நடத்தை விதிகளை ஏற்றுப் பதிவு செய்தவர்தான் அந்த வேலையைச் செய்யலாம். தகுதிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு மரியாதை. நம் ஊரில் அப்படி ஒரு பதிவு வந்தால், ‘எவ்வளவு எதிர்பார்க்குறாராம்’ என்ற கேள்விக்கு எதிராக அவர் காட்ட ஏதாவது ஒன்று இருக்கும்.

அப்போ, இந்த வேலைக்குப் போகலாமா?

போகலாம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போனால். ஊரார் கும்பிடு, வண்டி, நாற்காலி இவற்றை எதிர்பார்த்துப் போனால் கிடைத்துவிடும். ஆனால் நாலைந்து வருடத்தில் சலித்துவிடும். கட்டுமானத்தில் உண்மையான ஆர்வம் இருந்து, தனியாக நின்று ‘முடியாது’ என்று சொல்லும் தைரியமும் இருந்தால் இது அபூர்வமான வேலை.

சில பழக்கங்கள் இந்த வேலையில் காப்பாற்றும். பார்த்ததை அன்றைக்கே, தேதியோடும் படத்தோடும் கோப்பில் ஏற்றுவது முதல் பழக்கம். நாளைக்கு விபத்து என்றால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் குறிப்பு மட்டும்தான். ஆட்சேபம் எழுதும்போது எந்த விதி, எத்தனை அடி குறைவு, எப்படிச் சரிசெய்யலாம் என்று மூன்றையும் எழுதுவது இரண்டாவது. “ஆகாது” என்பதோடு நிறுத்தினால் எதிரே இருப்பவருக்கு அது பேரமாகத் தெரியும். வழியையும் சொன்னால் அறிவுரையாகத் தெரியும். நீங்கள் பார்த்த கட்டடங்களை ஓரிரு வருடம் கழித்து ஒருமுறை போய்ப் பார்ப்பது மூன்றாவது. அரசு தராத பின்னூட்டத்தை நாமே தேடி எடுத்துக்கொள்ளும் வழி அது.

தனி மனிதர் பழக்கம் மட்டும் போதாது, நிர்வாகமும் மாற வேண்டும். ஓர் ஆய்வாளர் எழுதிய ஆட்சேபத்தை மேலதிகாரி மீறினால், ஏன் மீறினார் என்று அதே கோப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நோட்டீஸ் போனது, அதில் எத்தனை நிறைவேறியது என்று மாநகராட்சி வருடத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ‘கூடாது’ என்று எழுதியவர் கையை யாரும் சத்தமில்லாமல் முறுக்க முடியாது, அவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன?

வீடு கட்டுபவராக நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுயசான்றில் கட்டுகிறீர்கள் என்றால் அந்த உறுதிமொழி உங்களுடையது. தப்பு நடந்தால் ‘இன்ஸ்பெக்டர் பார்த்தாரே’ என்று சொல்ல முடியாது. கான்கிரீட் போடும் நாளுக்கு முன்னால் ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் தொகை கிரகப்பிரவேசப் பந்தல் செலவில் ஒரு பங்குகூட வராது.

லஞ்சம் கேட்டால்? 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பணம் கேட்காத ஆய்வாளர் ஒருவர் வந்து, “சார், பக்கத்துல ரெண்டரை அடி விடணும், சுவரைத் தள்ளிக் கட்டுங்க” என்றால் நாம் என்ன செய்வோம்? தள்ளிக் கட்டுவோமா, கவுன்சிலருக்கு போன் போடுவோமா?

புதுக்கோட்டையின் அடுத்த தெருக்கள் ராஜ வீதி போல இருக்குமா, ஆட்டோ பின்னால் போகும் சந்து போல இருக்குமா என்பது அந்தப் போனில்தான் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் அந்த இளைஞர் இன்று சாயங்காலம் என்ன மனநிலையில் வீட்டுக்குப் போகிறார் என்பதும் அதில்தான்.